புகைப்புரையில் இருந்து பேசுகிறேன்

மக்களே, உங்கள் மாமா கல்ஃபில் இருந்து போன் செய்யும்போதெல்லாம் என்னை ‘அருள்வாக்கு அத்தான்’ என்று கூப்பிடுகிறான். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். காரணம் கேட்டால் அம்மா, ‘அப்பாகிட்டயே கேளுங்க’ என்று அடுக்களைக்குப் போய்விடுகிறாள். நேரில் சொல்ல எனக்கு வெட்கம். எழுதிக் கொடுத்தால் நீங்கள் சிரிக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டாம் அல்லவா? அதனால் எழுதுகிறேன்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்தால் வெட்ட முடியாது என்பதும் தெரியும். வெட்டின கோட்டில் தண்ணீர் இறங்கினால் பால் கீழே கட்டிய சிரட்டைக்குப் போகாமல் மரத்தைச் சுற்றி ஓடிவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு மழைக்காலம். நமக்கு இரண்டு. அந்த இரண்டிலும் நான் வீட்டில் உட்கார்ந்து, மீன்குழம்பு எப்படி வைக்க வேண்டும் என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

போன வருஷம் மாமா அங்கே தனக்குத் தெரிந்த ஒரு பெரிய கடையில் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தான். சாமான் அடுக்குகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வரலாம். “அத்தான், இந்த மழ முடியதுக்கு முன்ன ஒரு முடிவு சொல்லணும். பின்னால ஆளுக வரிசையா நிக்கி, கேட்டியளா?” என்றான்.

எனக்குப் போக மனசில்லை. பிள்ளைகளை விட்டுப் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. “இருந்த எடத்துல இருந்தே போன்ல சம்பாதிக்க இப்ப எத்தனையோ வழி உண்டு. மழைக்காலத்துக்கு அது காணும்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மா என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அதன் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

“இதுலயா?” என்றாள்.

முதலில் கிடைத்தது கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. கார் உண்டா? இல்லை. விமானத்தில் போவது உண்டா? இல்லை. உங்கள் நாய்க்கு என்ன தீனி வாங்குகிறீர்கள்? நாங்கள் சாப்பிட்டதில் மிச்சம். ‘நன்றி, இந்தக் கருத்துக் கணிப்புக்கு நீங்கள் பொருத்தமானவர் அல்ல’ என்று மரியாதையாக வெளியே தள்ளினார்கள். தினமும் தள்ளினார்கள். “கார் உண்டுன்னு போட்டா என்ன, வந்து பாக்கவா போறான்?” என்று அம்மா கேட்டாள். எனக்குக் கை ஓடவில்லை. பொய் சொன்னதற்காக உங்களை அடித்திருக்கிறேனே!

அப்புறம்தான் குரல் கொடுக்கிற வேலை வந்தது. போனில் ஒரு வாக்கியம் தெரியும். அதைச் சத்தமாக வாசித்து அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்டுப் பார்த்து, நன்றாக இருந்தால் சில்லறை தருவார்கள். மெஷினுக்குத் தமிழ் படிப்பிக்கிறார்களாம். கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பைபிள் வாசகம் வாசிக்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. பின்னணியில் இரைச்சல் என்று குறிப்பு. இரைச்சல் என்றால் மழை. எனக்கு நேரம் கிடைப்பது மழை பெய்தால்தான். மழை பெய்தால் இந்த வேலை நடக்காது. இப்படி ஒரு வேலையைத் தேடிப் பிடிப்பதற்குத் தனி மூளை வேண்டும்.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற நம் புகைப்புரைக்குத் தடித்த மண்சுவர், மேலே கான்கிரீட். வரிசையாக ஷீட் தொங்குவதால் எதிரொலியும் இல்லை. கங்கு அணைகிற நேரம் பார்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கண் எரிந்தது, மூக்கு ஒழுகியது. ஆனால் சுத்தமான அமைதி.

முதல் வாக்கியம்: ‘அடுத்த பேருந்து பத்து மணிக்குப் புறப்படும்.’ கோயிலில் வாசிக்கிற அதே ராகத்தில், நிறுத்தி, நிதானமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும், பழக்கதோஷம், கோயிலில் வாசகத்தின் முடிவில் சொல்வதுபோல் என்னை அறியாமலே “ஆண்டவரின் அருள்வாக்கு” என்று சேர்த்துவிட்டேன்.

கதவுக்கு வெளியே விறகு எடுக்க வந்த உங்கள் அம்மா, அவளுக்கும் பழக்கதோஷம், கோயிலில் எல்லாரும் பதில் சொல்வதுபோல் “இறைவா உமக்கு நன்றி” என்றாள்.

அதுவும் பதிவாகிப் போய்ச் சேர்ந்தது. ‘இரண்டாவது குரல் கேட்கிறது’ என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா அன்றே உங்கள் மாமாவுக்குப் போன் போட்டாள். பெயர் வந்த கதை இதுதான்.

அதன்பிறகு அருள்வாக்கு இல்லாமல் வாசித்தேன். சிலது தேறியது, சில்லறை வந்தது. ஆனால் பெரும்பாலானதற்கு ஒரே குறிப்பு: ‘இயல்பாகப் பேசவும்.’ நான் எவ்வளவு இயல்பாகப் பேச முயன்றேனோ அவ்வளவு கோயில் வாசகம் ஆனது. மழை முடியப் போகிறது. மாமா போனில், “அத்தான், உங்க ஆபீஸ்ல சம்பளம் போட்டாச்சா? இல்லேன்னா இங்க வாருங்க” என்று சிரித்தான். பாஸ்போர்ட்டை அலமாரியில் தேட வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

அப்போது ஒரு புது வேலை வந்தது. வாசிக்க வேண்டாம், சும்மா பேசினால் போதும், காசும் கொஞ்சம் கூடுதல். தலைப்பு: ‘நீங்கள் தூர ஊரில் இருக்கிறீர்கள். வீட்டில் உள்ளவர்களுடன் போனில் பேசுகிறீர்கள்.’

புகைப்புரையில் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன்.

“மக்கா, அப்பாதான் பேசுதேன். சாப்பிட்டியளா? அங்க மழ உண்டா? ஏட்டி, தம்பிய அடிக்காத, கேட்டியா. லே, நீ ஒயரம் கூடியிருப்ப, அப்பா வரும்போ அடையாளம் தெரியுமா ஒனக்கு? அம்மைக்குக் கால் வேதன எப்பிடி இருக்கு? ஆஸ்பத்திரிக்குப் போனாளா? செரி. வேற என்ன. இங்க எல்லாம் சொகந்தான். வேற என்ன...”

கல்ஃபில் இருந்து பேசுகிறவர்கள் ஏன் ‘வேற என்ன, வேற என்ன’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை வைக்க மனசு வராது. பேசவும் ஒன்றும் இருக்காது. நீங்கள் இருவரும் பத்தடி தள்ளி வீட்டுக்குள் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறீர்கள். நான் இங்கே தேம்பிக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தால் அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

“பொகை” என்றேன்.

“கங்கு அணஞ்சு நேரமாச்சு” என்றாள்.

அந்தப் பதிவுக்கு ‘மிக இயல்பு’ என்று குறிப்பு வந்தது. அதுவரை யாரும் எனக்குத் தராத மார்க். நான் அதை அம்மாவிடம் காட்டுவதற்குள் அவள் உங்கள் மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“லே, அந்த வேலைக்கு வேற ஆளப் பாரு. இந்த மனுசன் பொகைப்புரையில இருந்துட்டே எங்கள நெனச்சு அழுதாரு. அங்க வந்தா கடையில அடுக்கி வச்ச சாமான் எல்லாம் நனஞ்சு போவும்.”

போனுக்குள் மாமா சிரித்தது எனக்கே கேட்டது. அவள் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“இஞ்ச பாருங்க. ஊர்ல எல்லாரும் வெட்டுக் கோட்டுக்கு மேல பிளாஸ்டிக்க ஒட்டிக்கிட்டு மழையில வெட்டுதாவ. நீங்க மட்டும் மரத்துக்குப் பாவாட கட்ட மாட்டேன்னு இருக்கிய. போன்ல வந்த காசு பிளாஸ்டிக்குக்குக் காணுமா, காணாதா?”

காணும். பசைக்கும் சேர்த்தே போதும். வருஷக்கணக்காக நான் செய்யாமல் இருந்ததற்கு மரத்தின் மானத்தைக் காரணம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் அது கத்தியும் பசையுமாக மெனக்கெடுகிற வேலை, எனக்கு மடி, சோம்பல். அவ்வளவுதான்.

மழை கொஞ்சம் விட்டுக் கொடுத்த நேரத்தில் பிளாஸ்டிக்கும் பசையும் வாங்கிக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். முதல் மரத்தில் பட்டையைச் சுரண்டி, பசை தேய்த்து, பிளாஸ்டிக்கைச் சுருக்கி வைத்துச் சுற்றிக் கட்டினேன். கோணலாகத்தான் வந்தது. கட்டி முடித்துக் கொஞ்ச நேரத்தில் தூறல் விழுந்தது. மரத்தில் மேலிருந்து தண்ணீர் வழிந்து பிளாஸ்டிக் விளிம்பில் சொட்டியது. குனிந்து, அதற்கு அடியில் கையை விட்டு, வெட்டுக் கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டிப் பார்த்தேன். விரல் நனையவில்லை. பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.