பக்கத்து ஊருக்குக் கேட்ட தீர்ப்பு

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏலாக்குறிச்சிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊருக்கும், மேற்கே இருந்த என் பிறந்த ஊருக்கும் ஒரே ஏரிதான். மதகைத் திறந்து மூடுகிற வேலை என் அண்ணனுடையது. எங்கள் பக்கத்து மதகை அவர் மூடிவிட்டார். நாற்று கருக ஆரம்பித்தது. தாலுகா ஆபீசுக்கு நடந்து செருப்புதான் தேய்ந்தது. கடைசியில் எங்கள் ஊர் நேரே கடவுளிடம் போனது.

எங்கள் மாதா கோயிலுக்குச் சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். பெரிய பெரிய ராஜ்யங்களை ஆண்டவர் கவிழ்த்த கதைகளை அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார். "அநியாயம் பண்ணுன எந்த நாடும் தப்பிச்சதில்ல" என்றார். என் மாமியாருக்கு அது போதும். முழங்காலில் நின்று, "அந்த மேக்கத்தி ஊரையும் ஒரு நாடுன்னு வச்சிக்கிட்டு அழிச்சிடுங்க ஆண்டவரே" என்று கேட்டார். எனக்குப் பதறியது. அழிவு முதலில் அண்ணனைத்தானே தேடிப் போகும்!

பின்னாலிருந்து ஒருத்தி, "எங்க அக்காள அங்கதான் குடுத்திருக்கு. அவ வூட்ட மட்டும் விட்டுடுங்க" என்றாள். இன்னொருவர் சம்பந்தி வீட்டுக்கு விலக்குக் கேட்டார். கன்றில் பங்கு பேசி அங்கே மாட்டை வாரத்துக்கு வளர்க்க விட்டிருந்தவர், அந்தக் கொட்டகையைத் தனியாகச் சொன்னார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள், வேறென்ன நடக்கும்? உபதேசியாரே தொண்டையைச் செருமிக்கொண்டு மச்சான் வீட்டைச் சேர்த்தார். ஆண்டவர் அழிப்பதற்கு மிச்சமிருந்தது என் அண்ணன் வீடு ஒன்றுதான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த வூட்ட அழிக்கிறதுன்னா என்னையும் சேத்துக்குங்க. நான் அங்க பொறந்தவதான்!"

மாமியார் யோசித்தார். "இவ போயிட்டா எருமைய யாரு கறக்கறது? என்னையக் கிட்டவே சேக்காது. அந்த வூட்டையும் விட்டுடுங்க ஆண்டவரே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். எருமைக்காகத்தான் என்று தெரியும். இருந்தாலும் அழுதுவிட்டேன்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஆட்கள் மதகை உடைக்கப் போவதாகப் பேச்சு கிளம்பி, அந்த ஊர்க்காரர்களும் எங்கள் ஊர் அழியவேண்டும் என்று ஜெபம் செய்தார்களாம். அங்கேயும் ஆளாளுக்கு விலக்குக் கேட்டார்களாம்.

"என் வூட்டுக்கு யாரு கேட்டா?" என்றேன்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கேக்கலியே" என்றார் அண்ணன்.

"ஏண்ணே?"

"நீ இந்த வூட்டுப் புள்ள. அங்க இருக்கறதே எனக்கு ஞாபகம் வரல."

மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அண்ணன் நினைப்பில் நான் ஊரை விட்டே போகவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னையும் சேர்த்து அழிக்கக் கேட்டிருந்தது அப்போதுதான் உறைத்து, அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது. பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் மதகைத் திறந்தார்.

எங்கள் ஊரில் அதை ஆண்டவரின் நீதி என்றார்கள். இருக்கட்டும். அண்ணன் பாசத்தை மட்டும் நம்பி ஆண்டவர் தீர்ப்பு சொல்லியிருந்தால், நான் சாம்பல்தான்.