கோடு போட்ட இடத்தில் ஒரு பெயர்

கள்ளக்குறிச்சி கலையரசி அக்கா முப்பத்தொரு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு காதல் நாவல்கள் எழுதியிருக்கிறார். கணவர் பகலவன் காலையில் சின்னசேலம் உரக்கடைக்குக் கிளம்பியதும் எழுத உட்காருவார். மத்தியானம் உலை வைக்கும்வரை பேனா நிற்காது. அவருடைய காதலர்கள் பெரும்பாலும் கரியாலூர் போகும் பஸ்ஸில்தான் சந்தித்துக்கொள்வார்கள்.

கதாநாயகன் பெயரை மட்டும் கடைசியில்தான் முடிவு செய்வார். அதுவரை அந்த இடங்களில் வெறும் கோடு இருக்கும். அவர் கையெழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவள் நான்.

இருநூற்றுப் பதினைந்தாவது நாவல் வந்தபோது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கோடு இருந்த இடத்தில் எல்லாம் 'பகலவன்' என்று அடித்துவிட்டேன். கணவர் பெயரை வாயால் சொல்லாதவர், அச்சிலாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அக்கா படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கம் பக்கமாக அந்தப் பெயரை அடித்துக்கொண்டே போனார்.

"ஏங்க்கா, அவரு பேரு வந்தா இன்னா? வெக்கமா?"

"வெக்கம் இன்னா வெக்கம்? முப்பத்தஞ்சு வருஷமா நானே அந்தப் பேர வாய் தெறந்து சொன்னதில்ல. இந்த அபிநயா நேத்து வந்த கதாநாயகி. மூணாம் பக்கத்துலயே பேரு சொல்லிக் கூப்ட்டுக்கினு கையப் புடிக்கிறா!"

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"அவளுக்கு வேற ஆளப் பாரு."