காப்புக் கட்டிய கை

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட்டால் அது எட்டிப் பார்ப்பதில்லை. பெண் பார்க்க வந்தபோதே என் அம்மா இதைச் சொல்லிவிட்டார். விராலிமலைப் பக்கம் புகுந்த வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை. கணவருக்குத் துபாயில் வேலை. அவர் லீவில் வரும்போது பிள்ளை தங்கிவிட வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் கவலை. எனக்குத்தான் அதிகம்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில், பிள்ளை வரம் கேட்டு மாமியார் எனக்குக் காப்புக் கட்டவைத்தார். காப்பு கையில் இருக்கும்வரை மருந்து மாத்திரை தொடக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"எப்புடியும் அந்த மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னுதான் சொல்றாங்க. ஆத்தா பாத்துக்குவா, விடு," என்றார்.

ஆகாது என்று நானும் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். நிறுத்திவிட்டேன்.

திருவிழா அன்று நல்ல வெயில். கோயில் வாசலில் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. பல வருடங்களாக வராத வாடை. வலிப்புக்கு முன்னால் எனக்கு மட்டும் வருவது. உறுமிக்காரரின் கை அசைந்தது, சத்தம் வரவில்லை. எதிரே நின்ற பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம். அது என் முகமாக இருந்தது.

கண் விழித்தபோது தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். என்னைச் சுற்றிப் பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் கைகூப்பி, "தொட்டில் எப்ப ஆத்தா ஆடும்? சொல்லிட்டுப் போ," என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் என்னைக் கேட்கவில்லை.

"இது சாமி இல்லத்தே. வலிப்பு," என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. காப்பு அவிழ்த்த பிறகும் மாத்திரை வேண்டாம், ஆத்தாளே இறங்கிவிட்டாள் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. டப்பா மாமியாரின் பீரோவுக்குள் போனது. அடுத்த தடவை அடுப்பின்மேல் விழுந்தால்? வயிற்றில் பிள்ளையோடு விழுந்தால்? பயத்தைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மருமகள் சொல் அடுப்படியைக்கூடத் தாண்டாது.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம். மாமியாருக்கு முன்னால் கொண்டையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அடித்தொண்டையில், "இவளுக்கு மாத்திரையக் குடு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. டாக்டர் சொன்ன பெறகுதான் தொட்டில்," என்றேன். அந்தக் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். மாமியார் எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்தார்.

புதுக்கோட்டையில் டாக்டரம்மா எங்களைத் திட்டித் தீர்த்தார். "இந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாதுங்கிறது நெசம்தான். அதுக்காக நீங்களா நிறுத்துனா தாய் உசுருக்கே ஆபத்து. பிள்ளை வேணும்னு நெனச்சப்பவே இங்க வந்திருக்கணும்." மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றுக்கு மாற்றினார். ஃபோலிக் ஆசிட் கொடுத்தார். புது மாத்திரையில் வலிப்பு வராமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளை என்றார். கணவர் அந்த வருடம் வந்த லீவு அப்படியே கழிந்தது. அவர் விமானம் ஏறிய அன்று நன்றாக அழுதேன்.

அடுத்த லீவில் தங்கியது.

கர்ப்பமாக இருந்த காலம் முழுக்க, நான் குளிக்கப் போனால் மாமியார் குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். தாழ்ப்பாள் போடவும் விடவில்லை. எனக்கு எரிச்சலாக வரும். மகள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு வெளக்கு வச்ச நேரத்துல ஆத்தா சொன்னாள்ல, இவளத் தண்ணிகிட்ட ஒத்தையா விடாதேன்னு," என்றார்.

அன்று பேச வேண்டியதை ஒரு சொல் விடாமல் யோசித்து வைத்துத்தான் பேசினேன். அதில் இது இல்லை.