கெனாதியின் பெயரில் ஒரு ரொட்டி

பல் துலக்கும் முன்பே ஸினோவியா கைபேசியை எடுத்துவிடுவாள். நிலப் பதிவேட்டின் இணையப் பக்கத்தில் தன் வால்நட் தோப்பின் எண்ணைத் தட்டி, முந்தின நாள் அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று படிப்பாள். பெயரும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். அதிகாரிகளாலும் அழிக்க முடியாது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

"எல்லாரும் வாசப் பூட்ட இழுத்துப் பாப்பாங்க. எனக்குப் பூட்டு இதுதான்" என்பாள். வால்நட் தோல் உரித்து உரித்து அவள் விரல்கள் வருடம் முழுக்கக் கறுத்தே இருக்கும். பதிவேடு காகிதத்தில் இருந்த காலத்தில் அவள் அக்காவின் திராட்சைத் தோட்டம் ஒரே இரவில் இன்னொருவர் பெயருக்குப் போனது. ஏட்டில் தாளை மாற்றியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் வியாழன்தோறும் பட்டியலில் ஒரு பெயர் வந்தது: கெனாதி சுர்கான், பதிவு அலுவலர், காலை ஒன்பது பத்து. கெனாதியை மார்ச் மாதம் புதைத்தோம். சவப்பெட்டிக்கு முன்னால் மெழுகுவர்த்தி பிடித்து நடந்தவள், ஸினோவியாவின் பக்கத்து வீட்டுக்காரியான நான். அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் சிலுவை போட்டுக்கொண்டு, பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னார்கள். நான்காவது வியாழன் ஒரு வரி கூடியிருந்தது. தோப்பைப் பெயர் மாற்றும் மனுவைக் கெனாதி தயார் செய்திருந்தார். ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

ஸினோவியா பயப்படவில்லை. "செத்தவருக்கு எதுக்குடி தோப்பு? அவரு நாற்காலியில இப்ப யாரு உக்காந்திருக்கான்னு பாரு" என்றாள். உட்கார்ந்திருந்தவன் வலேரியு, கெனாதிக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவன்.

இறந்தவர் பெயரைச் சொல்லி, மெழுகுவர்த்தி செருகிய ரொட்டியை நீட்டினால், எங்கள் மால்டோவாவில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை; சொன்னால் பாவம். அந்த அலுவலகத்தில் ரொட்டி சுற்றிய துண்டுக்குள் லஞ்சமாகப் பண நோட்டும் மடித்துப் போவதுண்டு. வலேரியு அப்படி வாங்கியது கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வியாழன் ஒன்பது பத்துக்கு அவள் துண்டில் சுற்றிய ரொட்டியோடு அவன் மேசை முன் நின்றாள். நானும் போயிருந்தேன். பழக்கத்தில் அவன் கை தானாக நீண்டது. அவள் துண்டை விலக்கி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அடியில் அந்தப் பட்டியலின் அச்சுப்படி இருந்தது.

"கெனாதி ஆத்துமாவுக்கு. அவரு இன்னும் இங்கதான் வேலை பாக்குறாராம், தம்பி. வாங்கிக்க."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வலேரியுவின் முதுகுக்குப் பின்னால் இருந்த கணினித் திரை எல்லோருக்கும் தெரிந்தது: 'வணக்கம், கெனாதி சுர்கான்.' ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

வலேரியு நீட்டிய கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். உருகிய மெழுகு ஸினோவியாவின் கறுத்த விரல்களில் சொட்டியது. அவள் ரொட்டியைத் தாழ்த்தவில்லை.