ஜெபராஜ் அண்ணாச்சியின் பித்தளைக் கை

கைபேசியில் அண்ணாச்சியின் மனைவி ரூபி அக்காவின் பெயர் வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டை அறுவைக்குப் பிறகு அக்காவுக்குக் குரல் கிடையாது. காற்றாகத்தான் பேச்சு வரும். யாருக்கும் போன் செய்ததில்லை. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திரும்பும் பேருந்தில் இருந்தேன். "அண்ணாச்சியா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கடைசிவரை என் பேச்சைக் கேட்காமலே போய்விட்டாரே மனிதர் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பாளையங்கோட்டை வந்த பிறகே வந்தது.

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை ஜெபராஜ் அண்ணாச்சி. ஓய்வுக்குப் பின் எங்களைச் சேர்த்து வைத்தது ரெக்கார்டு பிளேயர். சண்டை மூட்டியதும் அதுதான். ஊசியைத் தாங்கும் கையை அம்பாசமுத்திரத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, கெட்டிப் பித்தளையில் கடைந்து வாங்கி வந்தார். அதன் நுனியில் மாட்டியதோ மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கார்ட்ரிட்ஜ். அதில் ஊசியைப் பிடித்திருக்கும் ரப்பர் அவ்வளவு இளக்கம். இளகிய ஸ்பிரிங் போட்ட ஸ்கூட்டரில் மூன்று நெல் மூட்டை ஏற்றினால் மேடு பள்ளத்தில் என்ன ஆகும்? ரெக்கார்டுத் தட்டில் சின்ன நெளிவு வந்தாலே கை குதிக்கும், ஊசி தாவும். கனத்த கைக்கு இறுக்கமான கார்ட்ரிட்ஜ், இளகிய கார்ட்ரிட்ஜுக்கு லேசான கை. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"இறுக்கமான ஊசி தட்ட அரிச்சிரும் வே" என்பார். சரி, கையை மாற்றுங்கள் என்றால், "கனம் இருந்தாத்தான் வே கீர்த்தனை நிக்கும்" என்பார். அது நிற்கவா செய்தது?

அந்த வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். யாராவது நடந்தாலும் ஊசி தாவிவிடும் என்பதால், தட்டு சுழலும்போது கூடத்தில் ஒருவரும் எழக்கூடாது. உள்ளங்கையை உயர்த்தி, "பைய வே, பைய" என்பார். ஜெபம் செய்ய வந்த போதகரையே வாசலில் ஒற்றைச் செருப்போடு நிறுத்திவைத்த ஆள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரூபி அக்கா இளமையில் சர்ச் பாடகர் குழுவில் பாடிய ரெக்கார்டு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு பாட்டின் நடுவே அக்கா தனியாகப் பாடுவார். அந்தக் குரல் இனி அந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது. வெயில் பட்டு நெளிந்த தட்டு. சரியாக அக்கா பாடும் கடைசி அடியில் ஊசி தாவி அடுத்த சரணத்தில் விழும். 

"அக்கா குரலையாவது முழுசாக் கேக்கணும்னு உங்களுக்கு இல்லையா?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"கேக்குத வரைக்கும் போதும் வே" என்றார்.

நானே ஒரு லேசான கை வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்காமல் பீரோ மேல் வைத்துவிட்டார். பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அடக்கத்துக்குப் பிறகு, வீடு ஓய்ந்ததும், திருப்புளியோடு போனேன். "லேசான கைய மாட்டித் தாரேன் அக்கா. நீங்க பாடினத முழுசாக் கேக்கலாம்" என்றேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. அந்த அடியில நான் சுருதி விலகிட்டேன். ரெக்கார்டு வந்தப்போ கோயிலுக்குப் போகவே கூச்சமா இருந்துச்சு. உங்க அண்ணாச்சிக்கு அது தெரியும். இந்தக் கை இருக்குத வரைக்கும் அது ஒருத்தர் காதுலயும் விழாதுன்னு சொல்லுவாவ."

கனம், கீர்த்தனை என்று இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கட்டியவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குத் தெரிந்துபோகுமே! அதற்காக ஒன்றும் தெரியாதவராகவே என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்க. இனி எனக்கென்ன கூச்சம்? அவிய யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார்.

பிரிக்காத அந்தப் பெட்டியை நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். அண்ணாச்சியின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். என் பிளேயருக்கு அது பொருந்தும். மாட்ட மனம் வரவில்லை. அன்று கிளம்பும் முன் அக்கா அந்தத் தட்டைப் போட்டார். பெட்டியை எடுக்க எழுந்தேன். அக்கா உள்ளங்கையை உயர்த்தினார். உட்கார்ந்துவிட்டேன். கடைசி அடியில் ஊசி தாவியது.