வேறு மருந்து எதுவும் இல்லை

முதலில் வந்தது இருமல் அல்ல, மாலைக் காய்ச்சல். யாங்கோனின் பசுந்தாங்கில் நான் வேலை செய்த கிளினிக்கில், கடைசி நோயாளியின் விவரத்தைக் கணினியில் ஏற்றும் நேரத்தில் முதுகில் குளிர் ஏறும். தன்லியினுக்குப் போகும் பஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் உடம்பு கொதிக்கும். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்திருப்பேன். மூன்று வாரம் இப்படிப் போன பிறகுதான் இருமல் தொடங்கியது.

என்ன நோய் என்று பரிசோதனைக்கு முன்பே ஊகித்துவிட்டேன். அதே அறிகுறிகளை அந்த வருடம் எத்தனையோ பேருக்கு நானே தட்டச்சு செய்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கியவர், இப்போது இல்லை. அம்மா சந்தையில் கீரை விற்கிறார். நான் பத்தாவது தேறி, அஞ்சல்வழியில் பட்டம் வாங்கி, கணினி வகுப்பும் முடித்தவள். வீட்டில் என் பெயர் தனலட்சுமி. பள்ளியிலும் அடையாள அட்டையிலும் மா சூ சூ வின். பர்மாவில் நம் தமிழர்களில் பலருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. ஒன்று வீட்டுக்கும் கோயிலுக்கும், மற்றது வெளியே. அதுவரை நான் எதையும் ஒளிக்க அதைப் பயன்படுத்தியதில்லை.

யாங்கோனில் நோயாளியின் வரலாறு நோயாளியின் கையில்தான் இருக்கும். பள்ளிப்பிள்ளைகளுக்கான நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போவோம். டாக்டர் அதில் எழுதித் தருவார். அடுத்த முறை வேறு டாக்டரிடம் போனாலும் அதே புத்தகம். மழையில் நனையும், கரையான் அரிக்கும், பாதி எழுத்து விளங்காது. எங்கள் பெரிய டாக்டர் இதை மாற்ற நினைத்தார். கணினி வாங்கி என்னை வேலைக்கு வைத்தார். நான் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினேன். ஏற்றிய புத்தகங்களை, இனித் தேவையில்லை என்று, திருப்பித் தராமல் பின்னறையில் அடுக்கினோம். ஒரு நாள் நாடு முழுவதும் ஒரே பதிவாகிவிடும் என்று அவர் சொல்வார்.

நான் நம்பினேன். ஒரு முறை சர்க்கரை நோயாளி ஒருவர் சுயநினைவில்லாமல் வந்தார். கையில் எந்தப் புத்தகமும் இல்லை. சட்டைப்பையில் இருந்த அட்டையின் பெயரைத் தட்டினேன். அவர் போட்டுக்கொள்ளும் ஊசியும் அளவும் திரையில் வந்தன. சாயங்காலம் அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அதை இன்றும் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் திரைக்குக் கதவு இல்லை. எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல், அதுவும் கிளினிக்கின் தொலைபேசி எண். மறந்துவிடக் கூடாதென்று ஒரு தாளில் எழுதிக் கணினியின் நெற்றியில் ஒட்டியிருந்தார்கள்.

கவுன்டரில் இருந்தவர் மேரி அக்கா. அவருடைய தாத்தா துரைமார் காலத்து எழுத்தர். “கீரைக்காரி மக கம்ப்யூட்டர் தட்டுறா. எங்க தாத்தா பாத்திருந்தா நாற்காலிய விட்டே எந்திரிச்சிருப்பாரு” என்பார். “எந்திரிக்கட்டுங்க்கா, நான் ஒக்காந்துக்கிறேன்” என்பேன். சிரிப்பார். கெட்டவர் அல்ல. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் இந்தக் கதை சுலபமாகிவிடும்.

ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே அவர் என் தோளுக்கு மேல் எட்டித் திரையைப் பார்த்தார். வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளுக்குக் காசநோய், இன்னும் நாலு மாத மருந்து பாக்கி என்று பர்மியத்தில் வாசித்தார்.

“யாருக்கா அது?”

“அவ வேல பாக்குற தையக்கடை மொதலாளி. கேட்டாரு, சொன்னேன். அவருக்கும் தெரியணும்ல, அம்பது பேரு நெருக்கி ஒக்காந்து தைக்கிற எடம்.”

மருந்து தொடங்கிச் சில வாரங்கள் ஆனால், முறையாகச் சாப்பிடுபவரிடமிருந்து பொதுவாக நோய் தொற்றாது. அந்தப் பெண் இரண்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் பதிவில் இருந்தது. மேரி அக்கா அதை வாசிக்கவில்லை. அடுத்த வாரம் அவள் வந்து தன் புத்தகத்தைக் கேட்டாள். வேலை போய்விட்டதாம். பின்னறையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் விரல்களைப் பார்த்தாள். அந்த விவரத்தை ஏற்றியவை அவைதான்.

ஆகவே எனக்கென்று வந்தபோது நான் எங்கள் கிளினிக்கில் வாய் திறக்கவில்லை. தன்லியினில் உள்ள அரசு காசநோய் மையத்துக்குப் போய், தனலட்சுமி என்று பெயர் கொடுத்தேன். சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்தது. நான் விழுங்குவதை ஒருவர் தினமும் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா பார்த்தார். கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். திரும்பிப் போனபோது இருமல் அடங்கியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் இடுப்பைச் சுற்றிப் படை வந்தது. நனைந்த லௌஞ்சிக் கைலியோடு பஸ்ஸில் போய்வருபவர்களுக்கு வருவதுதான். ஊழியர்களுக்கு வைத்தியம் இலவசம் என்பதால் எங்கள் சின்ன டாக்டரிடமே காட்டினேன். விழுங்கும் மாத்திரை எழுதினார். “விவரத்தை நீயே ஏத்திக்கோ, சூ சூ” என்றார்.

திரையில் ஒரு கட்டம் இருந்தது: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா? மேரி அக்கா என் நாற்காலியின் முதுகில் கைவைத்து நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டினேன்: வேறு மருந்து எதுவும் இல்லை.

அந்த மாத்திரையும் ஈரலைத்தான் சோதிக்கும், காசநோய் மருந்தும் ஈரலைத்தான் சோதிக்கும். இரண்டும் சேரக் கூடாது. எனக்கு அது தெரியாது. சின்ன டாக்டருக்குத் தெரியும், ஆனால் என் காசநோய் தெரியாது. பத்து நாளில் சோறு பார்த்தாலே குமட்டியது. காமாலை (ஈரல் பழுதாகிப் பித்தநீர் இரத்தத்தில் தேங்குவதால் கண்ணும் தோலும் மஞ்சளாவது) ஏறிக்கொண்டிருந்தது. நான் கன்னத்தில் மஞ்சள் நிறத் தனக்கா மரச்சாந்து பூசியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு காலை, முகம் கழுவி வந்தவளை அம்மா வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணைப் பிரித்துப் பார்த்தார். அன்றைக்குக் கீரைக்கூடையை எடுக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் என்னைத் தாழ்வாரத்தில் ஒரு பாயில் படுக்கவைத்தார்கள். சேதி கேட்டு மேரி அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். அவர் நிற்கும்போதே இளம் பெண் டாக்டர் குனிந்து, என்னென்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாவுக்கும் வேலைக்கும் நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அம்மா மேரி அக்காவிடம் திரும்பினார். “மேரிம்மா, கீழ போயி கொஞ்சம் சுடுதண்ணி வாங்கியாந்து தர்றீங்களா? எனக்கு எடந் தெரியாது.”

அவர் படி இறங்கும்வரை அம்மா பொறுத்திருந்து, பையிலிருந்து ஒரு டின்பால் டப்பாவை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே கேட்டார்.

“தனம், இவங்ககிட்ட காட்டவா?”

தலையசைத்தேன்.

டப்பாவுக்குள் நான் விழுங்கிய எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகளும் இருந்தன. காசநோய் அட்டைகள் சிவப்பு நூலில் கட்டியிருந்தன. கிளினிக்கில் தந்தவை தனி. அம்மாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. விழுங்குவதைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்ததற்கு அடையாளம் வேண்டுமே என்று சேர்த்துவைத்திருக்கிறார். டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதை யார் சேர்த்தது?” என்றார். நான் பர்மியத்தில் சொன்னேன். “ரெண்டு நாள் தாமதமாகியிருந்தால் எனக்கு இது பயன்பட்டிருக்காது” என்று மட்டும் சொன்னார்.

எல்லா மருந்தையும் நிறுத்தினார்கள். ஈரல் அடங்கியபின் காசநோய் மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று.

நீண்ட விடுப்பு வேண்டியிருந்ததால் பெரிய டாக்டரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவருக்கு மட்டும் என்று சொல்லித்தான் மருத்துவமனைத் தாளையும் எக்ஸ்ரேயையும் கொடுத்தேன். “கவலைப்படாதே, நீ எங்கள் பிள்ளை” என்றார். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அந்தத் தாள் கணினியில் ஏறியிருந்தது. தேநீர்க் கூஜாவின் பக்கத்தில் என் கோப்பை தனியாக இருந்தது. பிடியில் ஒரு துண்டு நூல் கட்டியிருந்தது.

“தப்பா எடுத்துக்காத சூ சூ, எல்லாம் சுத்தத்துக்குத்தான்” என்றார் மேரி அக்கா.

“சளில கிருமி இல்லைன்னு எழுதியிருக்கே, அதையும் வாசிச்சீங்களாக்கா?”

அவர் மற்றக் கோப்பைகளில் தேநீர் ஊற்றத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து, வேறு நான்கு கிளினிக்குகளின் டாக்டர்கள் வந்திருந்தார்கள். பதிவுகளை ஒன்றாக இணைப்பது பற்றிப் பேச்சு. சுவரில் படம் காட்டினார்கள். அடுத்த படத்துக்கு நகர்த்தும் பொத்தானை அழுத்துவது என் வேலை. ஐந்தாவது படத்தில் என் நுரையீரலின் எக்ஸ்ரே வந்தது. மேலே இடதுபக்கம் தனலட்சுமி, வலதுபக்கம் மா சூ சூ வின், கீழே வயது, தன்லியின்.

“ஒரே நோயாளி, இரண்டு பெயர், இரண்டு பதிவு. ஒரே பதிவாக இருந்திருந்தால் இந்தப் பெண்ணின் ஈரல் தப்பியிருக்கும்” என்று பெரிய டாக்டர் விளக்கினார். பிறகு, “அடுத்தது, சூ சூ” என்றார்.

அந்தப் பெயர் சுவரிலும் இருந்ததை விருந்தாளிகள் கவனித்தார்கள். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

நான் அழுத்தவில்லை.

“சயா,” என்று பெரிய டாக்டரை அழைத்தேன். “இதைக் காட்ட என்னிடம் கேட்டீர்களா?”

“நல்லதுக்காகத்தானே. நாலு உயிர் பிழைக்கும்.”

“எனக்கு இரண்டு பெயர் இருந்ததால் இது நடக்கவில்லை. உங்கள் கணினியிடம் நான் பொய் சொன்னேன். வேறு மருந்து இல்லை என்று நானே தட்டினேன். ஏன் தட்டினேன் என்று அதன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.”

ஒரு விருந்தாளி, “என்ன ஒட்டியிருக்கிறது?” என்று கேட்டார். அவரே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருடைய கிளினிக் அந்த வருடம் இணையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கணினியில் ஒட்டியிருந்த கடவுச்சொல் தாள் போயிருந்தது. ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கவும், யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்பது பதிவாகவும் வழி செய்யச் சொல்லி என்னிடமே வேலையைக் கொடுத்தார்கள். செய்து முடித்தேன். பின்னறையில் இருந்த புத்தகங்களை, வருகிறவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தேன். பிறகு என் கோப்பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டேன். இப்போது கியாக்டடாவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருக்கிறேன்.

இதே நோயோடு இதை வாசிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறைக்காதீர்கள், எல்லா மருந்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த அறிவுரையை எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். சொன்னதை என்ன செய்யக் கூடாது என்று, கேட்பவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாடு முழுவதும் ஒரே பதிவு வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பயந்தவர்கள் பொய்தான் சொல்வார்கள். அந்தப் பொய் எத்தனை கணினிகளில் ஏறினாலும் பொய்தான். எழுத்துத் தெரியாத என் அம்மா, டப்பாவைத் திறக்கும்முன் என்னைக் கேட்டார். பட்டங்களைச் சுவரில் மாட்டியவர்கள் கேட்கவில்லை.

மருந்து முடிந்துவிட்டது. முன்பெல்லாம் ஈரல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது வலது விலாவுக்குக் கீழே, பஸ் குலுங்கும்போதெல்லாம், அதன் மேல் கைவைத்துக்கொள்கிறேன். காலையில் வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து வெள்ளைவிழியைப் பார்த்த பிறகுதான் நாள் தொடங்குகிறது. அம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். தூக்கிப்போடவில்லை.

போன மாதம் பல்வலிக்குப் புதிய டாக்டர் ஒருவரிடம் போனேன். இதற்கு முன் ஏதாவது நோய், வேறு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். முன்பு அந்தக் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் தட்டியவள் நான். எனக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. வரிசையில் இருந்தவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, மாலைக் காய்ச்சலில் இருந்து தொடங்கினேன்.