கால்படாத மூலை

யுத்தம் தொடங்கிய சமயத்தில் கோம்பையிலிருந்து அல்லிநகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டு முற்றம் முழுக்கக் கல் பாவியிருந்தது. சுவரோரம் மட்டும் ஒரு மண்பாத்தி. அதில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மல்லிகைப் பதியனையும் கறிவேப்பிலைக் கன்றையும் வைத்தேன். செடி வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. நான் காய்ந்த குச்சியை ஊன்றினாலும் தளிர்க்கும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

இங்கே இரண்டும் கருகின. இலை நுனியில் ஆரம்பித்து ஓரமெல்லாம் தீய்ந்தது. என் மாமியார் நேரடியாகத் திட்டுகிறவர் இல்லை. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல ஆத்தா. இந்த வருசம் நாத்தங்கால்ல முதப்பிடி வெதநெல்ல நாந்தான் போடணும் போல" என்றார்.

அந்த வீட்டில் புது மருமகள்தான் முதல் பிடி விதைப்பது வழக்கம். அதைப் பறித்தால் ஊரே காரணம் கேட்கும். எனக்குச் சுருக்கென்றது. அதைவிடக் கோபம் வந்தது. என் கைமேல் எனக்குச் சந்தேகமே இல்லை. கோளாறு வேறெங்கோ இருக்கிறது, கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே ஈரம் இருந்தது. தண்ணீர் தேங்குகிறதோ என்று ஓரத்தில் தோண்டினேன். வேர் அழுகவில்லை, புழுவும் இல்லை. மூலையில் நின்ற கறிவேப்பிலைதான் அதிகம் கருகியிருந்தது. அங்கே மேல்மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு!

அன்று சாயங்காலமே விடை தெரிந்துவிட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனாரின் கைக்குழந்தை அழுதது. மாமியார் ஒரு கை கல்லுப்பை எடுத்துக் குழந்தைக்குச் சுற்றி, செம்புத் தண்ணீரில் கரைத்தார். கண்ணேறு கழித்த தண்ணீரைக் கால்படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும். அந்த வீட்டில் கால்படாத இடம் என் பாத்தி ஒன்றுதான். குழந்தை அழும்போதெல்லாம் அங்கேதான் ஊற்றியிருக்கிறார்; இப்போதும் நேரே வந்து ஊற்றினார். அதோடு விட்டாரா? வாடிய செடிக்கும் கண் பட்டிருக்கிறது என்று இன்னொரு கை உப்பைச் செடிக்குச் சுற்றி, அதையும் கரைத்து அங்கேயே ஊற்றினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னாத்தா சிரிக்கிற?"

"அத்தை, இந்த மண்ணைக் கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க."

வைத்தார். முகம் கோணியது. "ஆத்தி! கருவாடே போடலாம் போலருக்கே!"

"சுத்துறத நிறுத்த வேணாம் அத்தை. உப்ப அடுப்புல போடுங்க. படபடன்னு வெடிக்கட்டும், கண்ணு வச்சவகளுக்கும் கேக்கட்டும்."

மேல்மண்ணை வாரி வெளியே கொட்டினேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மிச்ச உப்பைக் கழுவி இறக்கினேன். பிறகு ஓடை மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினேன். கறிவேப்பிலை பிழைக்கவில்லை. மல்லிகை அடித்தூரிலிருந்து துளிர்த்தது. மாமியார் குனிந்து துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

விதைப்பு நாளில் வரப்பில் தெருப் பெண்களெல்லாம் கூடியிருந்தார்கள். முளைகட்டிய விதைநெல் கூடையை மாமியார் என் இடுப்பில் வைத்தார்.

"எம் மருமகதான் போடுவா. கோளாறு அவ கையில இல்ல, எங் கையில" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பிடியைப் போட்டேன்.

"போதும்த்தா. மிச்சத்த ஆம்பளைக போடுவாக" என்று கூடைக்குக் கை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. நாற்றங்கால் முழுவதையும் நானே விதைத்து முடித்துவிட்டுத்தான் வரப்பேறினேன்.